மாடக்கண்ணு ஏரியல் வயர் மாற்றிய கதை

விளாத்திகுளத்துக்கும் மேலத்துறைப்பட்டிக்கும் நடுவே ஓடுகிற மினி பஸ்ஸின் டிரைவர் மாடக்கண்ணுவுக்கு இந்த உலகத்தில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. டீசல் போடும்போது இறங்கி நின்று மீட்டரை முறைப்பான், டீக்கடையில் கிளாஸைப் பார்க்காமல் பால் ஊற்றுகிற கையைப் பார்ப்பான், கோயிலில் கொடுத்த திருநீற்றைக்கூட விரலிடுக்கில் வைத்து உரசிப் பார்த்துவிட்டுத்தான் நெற்றிக்குக் கொண்டுபோவான். இப்படிப்பட்டவனுக்குச் சண்முகக்கனி வாழ்க்கைப்பட்டுப் பத்து வருஷத்துக்கு மேலாகியிருந்தது, பிள்ளை இல்லை, அதற்கும் யாரோ எதுவோ செய்துவிட்டார்கள் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்த மினி பஸ்ஸில் ஒரு ரேடியோ உண்டு. கூரையின் முன்பக்கத்தில் ஏரியல் குச்சி, அங்கிருந்து கதவுத் தூணுக்குள் இறங்கி டேஷ்போர்டுக்கு அடியில் போய்ச் சேரும் கறுப்பு வயர். வயர் வெயிலில் வெடித்து, வெடிப்பில் மழைத் தண்ணீர் இறங்கிச் செத்துப்போனதிலிருந்து எந்த ஸ்டேஷன் வைத்தாலும் அப்பளம் பொரிக்கிற சத்தம்தான் வந்தது. எலக்ட்ரீஷியனிடம் விடு என்றார் முதலாளி. விட்டால் நல்ல ஹார்னைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டிவிடுவான் என்று மாடக்கண்ணு தானே கடைக்குப் போய், ஒன்றுக்கு மூன்று பாக்கெட்டைப் பிரிக்க வைத்து, கடைக்காரன் வாயில் விழுந்து, ஒரு வயர் வாங்கினான். முதலாளி வீட்டில் காதுகுத்து என்று வண்டி ஓடாத நாளில் அதை அயன்குளத்தில் தன் வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து நிறுத்தினான். அயன்குளம் பஸ் போகும் தடத்தில் இல்லை, மெயின் ரோட்டில் விலக்கிலிருந்து பிரிந்து உள்ளே வர வேண்டும்.

வயர் மாற்றுவது ஒரு ஆள் வேலையில்லை. சண்முகக்கனி பின்பக்க ஏணியில் ஏறிக் கூரை மேல் உட்கார்ந்து மேலிருந்து வயரை விட, அவன் உள்ளே மல்லாந்து படுத்துக் கீழிருந்து இழுத்தான்.

"ஏட்டி, விட்டாச்சா?"

"விட்டாச்சு."

"பெறகு ஏன் வரமாட்டேங்கு? மேல நின்னு யாரப் பாக்க?"

"வயரத்தான் பாக்கேன். நீங்க இழுங்க."

வயர் வந்தது. அதற்குள்ளே ஓடும் கம்பியைச் சுற்றி ஒரு கம்பிவலை இருக்கும், அதை வண்டி உடம்போடு சேர்த்து எர்த் கொடுத்தால்தான் இரைச்சல் அடங்கும். அவன் தடவிய இடத்திலெல்லாம் துரு. சுரண்டினால் இன்னும் துரு. அந்த வண்டியில் பளபளவென்று இருந்த ஒரே உலோகம், கண்ணேறு படாமலிருக்கக் கோடாங்கி மந்திரித்துக் கொடுத்து டேஷ்போர்டுக்கு அடியில் திருகி வைத்திருந்த செப்புத் தகடுதான், செவ்வாயும் வெள்ளியும் அவனே புளி போட்டுத் தேய்க்கிற தகடு. செம்புக்கு மிஞ்சிய எர்த் எது என்று அந்தத் திருகிலேயே கம்பிவலையைச் சுற்றி முறுக்கிவிட்டான், ரேடியோ பாடியது, அவனும் எழுந்து கைகழுவினான்.

மறுநாள் காலை டிரிப்பெல்லாம் பாட்டு ஒழுங்காக வந்தது. உச்சிவேளை டிரிப்பில், வண்டி ஊரைத் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் இறங்கியதும், பாட்டு பாதியில் நின்று, செய்தி வாசிக்கிற பெண்ணின் நிறுத்தி நிதானமான குரல் கேட்டது.

"வெள்ளையம்பட்டி, கோயில் தெரு, தங்கப்பாண்டி வீட்டில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. உப்பு தூக்கல். செம்பொடை, கிழக்குத் தெரு, ஆறுமுகப்பெருமாள் வீட்டில் நேற்று வைத்த சாம்பார் சுடவைக்கப்பட்டது."

தங்கப்பாண்டியின் பெண்டாட்டி மூன்றாவது சீட்டில் ரேஷன் அரிசியோடு உட்கார்ந்திருந்தாள். "எம் மருமவதான்," என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். "கைய அளந்து போடு, அளந்து போடுன்னு எத்தன மட்டம் சொல்ல?" இறங்கி வீட்டுக்குப் போய்க் குழம்பை நக்கிப் பார்த்தாள், உப்பு தூக்கல்தான், மறுநாள் அதே பஸ்ஸில் ஏறி எல்லோரிடமும் சொன்னாள், அன்றிலிருந்து அந்தத் தடத்தில் மத்தியானம் என்றால் அடுப்படிச் செய்தி என்றாகிவிட்டது.

ரேடியோவுக்கு எப்படித் தெரிகிறது என்று அந்த ஊர்களில் ஒருவரும் கேட்கவில்லை, யார் போய்ச் சொல்வது என்றுதான் கேட்டார்கள். கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவனைச் சந்தேகப்பட்டார்கள், அவன் வராத மாதத்திலும் செய்தி வந்தது. காக்கையைச் சந்தேகப்பட்டு, சோறு வைப்பதை நிறுத்தினார்கள், பிறகு முன்னோருக்குப் பயந்து மறுபடி வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியைச் சந்தேகப்படுவது ஏற்கெனவே பழகிய வேலை என்பதால் அதற்கு யாரும் சிரமப்படவில்லை. சட்டிக்கு மேல் மூடி, மூடிக்கு மேல் துணி, ஜன்னலுக்குச் சாக்கு என்று மறைத்து மறைத்துச் சமைத்தார்கள், ரேடியோ அதையும் விடாமல் "சாக்கு தொங்கவிட்டு, கருவாடு" என்று வாசித்தது. மாலை போட்டு விரதமிருந்த ஒருவர் வீட்டில் நடுவாரத்தில் முட்டை அவிந்தது வெளியே வந்தது. வீட்டில் கருவேப்பிலைகூட இல்லை என்று நாத்தனாரிடம் கைவிரித்தவள் வீட்டில் அன்றைக்குக் கோழி கொதித்தது வெளியே வந்தது. கவுரவத்துக்காக வெறும் எலும்பைப் போட்டுக் கொதிக்க வைத்த வீட்டை "எலும்புத் தண்ணீர், கறி இல்லை" என்று அந்தக் குரல் ஈவிரக்கமில்லாமல் சொல்லிவிட்டுப் போனது. பெண் பார்க்க வருகிறவர்கள் தரகரை விட்டுவிட்டு ஒரு வாரம் மினி பஸ்ஸில் ஏறி இறங்கினார்கள்.

வெள்ளையம்பட்டி மந்தையில் கூட்டம் போட்டு ரேடியோவை அணைக்கச் சொல்வதா என்று பேசியபோது, தங்கப்பாண்டி எழுந்து நின்று, "எங்க வீட்டுச் சட்டிய ஊரே கேட்டாச்சு, மத்தவன் வீட்டுச் சட்டி மட்டும் மூடிக் கெடக்கணுமாய்யா?" என்று கேட்டார். அது நியாயமாகப் பட்டது. எல்லார் வீட்டுச் சட்டியும் ஒரு சுற்று வந்து முடியட்டும், அப்புறம் அணைக்கலாம் என்று முடிவாயிற்று, தினமும் புதிதாக ஒரு சட்டி ஏறுவதால் அந்தச் சுற்று முடியவே இல்லை.

மாடக்கண்ணு இதையெல்லாம் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு ரொம்ப சந்தோஷமாகக் கேட்டுவந்தான். ஊரே கள்ளப்பயல் ஊர் என்று அவன் அத்தனை வருஷமாகச் சொன்னதற்கு ஆதாரம் தினமும் தன் டேஷ்போர்டிலிருந்தே வருவதில் அவன் மனசு குளிர்ந்தது. வளைவில் வண்டியை மெதுவாக விட்டு வால்யூமைக் கூட்டுவான். நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வேலையில்லாத நாளிலும் முன்சீட்டில் ஏறிக்கொள்கிற தையல்கார முத்தரசி, "ஒனக்கென்னப்பா, ஒன் வீட்டுச் சட்டிதான் வரமாட்டேங்கே," என்பாள். அயன்குளம் தடத்தில் இல்லையே அக்கா என்பான் அவன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அது வந்தது.

"அயன்குளம், மேற்குத் தெரு, மாடக்கண்ணு வீட்டில் சுறாப்புட்டு. பூண்டு தாராளம். பக்குவம் அருமை."

அந்தக் குரல் அதுவரை ஒருவர் வீட்டுச் சமையலையும் அருமை என்று சொன்னதில்லை. பஸ் முழுக்க டிரைவர் சீட்டைப் பார்த்துத் திரும்பியது. அவன் காலையில் பழைய சோறு கரைத்துக் குடித்துவிட்டு வந்தவன், ராத்திரி போனால் ரசமும் துவையலும்தான் இருக்கும், வருஷக்கணக்காக அவனுக்கு அதுதான் சாப்பாடு. நடுப்பகலில், அவன் இல்லாத வீட்டில், பூண்டு தாராளமாகப் போட்டு யாருக்குச் சுறாப்புட்டு? ரேடியோ உப்பு சொல்லும், பக்குவம் சொல்லும், தின்றது யார் என்று மட்டும் சொல்லாது. கண்டக்டர் பொன்ராசு டிக்கெட் கிழிக்கிறதை விட்டுவிட்டு வெளியே வேலிக்கருவையைப் பார்த்தார்.

ராத்திரி வீட்டுக்குப் போனான். ரசமும் பருப்புத் துவையலும் இருந்தன. அவன் எதுவும் கேட்கவில்லை. சந்தேகக்காரன் கேட்க மாட்டான், கேட்டால் பதில் வந்துவிடுமே என்கிற பயம் அவனுக்கு. அவள் அந்தப் பக்கம் திரும்பியபோது சட்டியை மோந்து பார்த்தான், புளி போட்டுக் கழுவியிருந்தது. கொல்லையில் குப்பையைக் குச்சியால் கிளறினான், பூண்டுத் தொலி இருந்தது. தட்டுகளை எண்ணினான், எல்லாம் சரியாக இருந்தது, அதுவே அவனுக்குச் சரியாகப் படவில்லை.

புதன்கிழமை மொச்சை போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, வியாழக்கிழமை வறுத்து அரைத்த நாட்டுக்கோழி என்று அந்த வாரம் முழுக்க அவன் வீட்டுச் சட்டிதான் தடத்தில் ஓடியது. மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. தங்கப்பாண்டி வீட்டு உப்பையும் விரதக்காரர் முட்டையையும் மறந்துவிட்டு, ஏறினவர்களெல்லாம் அவன் முதுகைப் பார்த்தார்கள், அவனும் கண்ணாடியில் அவர்கள் பார்ப்பதைப் பார்த்தான். தின்றுபோகிறவன் மீன்காரன் சூசைதான் என்று வெள்ளையம்பட்டியில் முடிவு கட்டினார்கள், பைக்கில் ஐஸ்பெட்டியோடு ஊர் ஊராகப் போகிறவன், வாயில் எப்போதும் சிரிப்பு. மாடக்கண்ணு அவனை விலக்கில் மறித்து, மீன் வாங்குகிறவன் மாதிரி விலை கேட்டு, நாலைந்து மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, கடைசியில் அயன்குளத்தில் யார் யார் வாங்குவார்கள் என்றான்.

"நம்ம மதினி வாங்குவாகளே அண்ணாச்சி. போன செவ்வா அரைக் கிலோ சுறா. பாத்து வாங்குவாக, ஒங்கள மாதிரி செவுளத் தூக்க மாட்டாக."

இவன் எதற்கு என் பெண்டாட்டியைக் கவனித்துப் பார்த்தான் என்று மாடக்கண்ணுவுக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. பக்கத்தில் சண்முகக்கனி அயர்ந்து தூங்கினாள். அவள் முகம் நிறைந்து, கன்னம் கொஞ்சம் பூரித்திருந்ததை அப்போதுதான் பார்த்தான். இவள் என்னை விட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தபோது எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுத்தான். அவள் மேல் அவனுக்கு உயிர். அந்த உயிரை அவளிடம் காட்ட, அவளை வேவு பார்ப்பதைத் தவிர வேறு வழி அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை உச்சிவேளையில் "அயன்குளம், மேற்குத் தெரு, மாடக்கண்ணு வீட்டில் சுறாப்புட்டு" என்று குரல் தொடங்கியபோது வண்டி அயன்குளம் விலக்குக்கு வந்திருந்தது. அவன் சிக்னல்கூடப் போடாமல் ஸ்டியரிங்கை ஒடித்தான். பஸ் தடத்தை விட்டு உள்ரோட்டில் இறங்கி, நிறைந்த சீட்டுகளோடும் நின்றவர்களோடும் அயன்குளத்தை நோக்கி ஓடியது. எங்கேப்பா போற என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தவர்களும், இறங்கும் ஊரைத் தாண்டிவிடுமோ என்று எப்போதும் அலறுகிறவர்களும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கோயில் கொடை விழாவுக்குப் போகிறவர்கள் மாதிரி அமைதியாக வந்தார்கள்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. சண்முகக்கனி நடுவீட்டில் ஃபேனுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், தலையில் மல்லிகைப் பூ, முன்னால் தட்டில் ஆவி பறக்கிற சோறு, சுறாப்புட்டு, நறுக்கிய வெங்காயம். அவன் உள்ளே பாய்ந்து கதவுக்குப் பின்னால் பார்த்தான், பரண் மேல் பார்த்தான், பீரோவைத் திறந்தான், கொல்லைக்கு ஓடிக் குளியலறைத் தகரத்தைத் தள்ளினான், கிணற்றை எட்டிப் பார்த்தான். வாசலில் பஸ் முழுக்கக் கூடி நின்றது. அவள் சாப்பிடுவதை நிறுத்தவில்லை, அவன் திரும்பி வருகிறவரை ஒவ்வொரு கவளமாக உருட்டி வாயில் வைத்தாள்.

"பாத்தாச்சா?" என்றாள்.

"யாரு வந்தா?"

"யாரும் வரல."

"பெறகு யாருக்கு ஆக்குன?"

"எனக்கு."

வாசலில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொன்ராசு, "எனக்குன்னா?" என்றார். முத்தரசி எட்டி உள்ளே பார்த்து, "ஏளா, ஒனக்குன்னா, ஒனக்கு மட்டுமா? வேற யாருக்குமில்லையா?" என்றாள். உப்பு தூக்கல் என்று ரேடியோ சொன்னபோது கண்ணிமைக்காமல் ஏற்றுக்கொண்ட ஜனம், ஒரு பொம்பளை தனக்கென்று அரைக் கிலோ மீன் வாங்கி, தனக்கென்று ஆய்ந்து, தனக்கென்று தாளித்து, பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்து தின்பாள் என்பதை நம்ப முடியாமல் அந்த வாசலில் முழித்தது. அத்தனை பேரும் எல்லாருக்கும் போட்டுவிட்டுச் சட்டியில் ஒட்டினதை வழித்துத் தின்கிற பெண்கள், அல்லது அவர்கள் போட்டதைத் தின்கிற ஆண்கள்.

சண்முகக்கனி அவனைப் பார்த்துத்தான் பேசினாள். "கல்யாணமான புதுசுல இதே புட்டு வச்சேன். யாரு வாரான்னு இம்புட்டு ருசின்னு கேட்டீக. பூ வச்சேன், யாரு பாக்கன்னு கேட்டீக. பெறகு ராத்திரிக்கு ருசிய விட்டுட்டேன். ரசமா இருந்தா ஒங்களுக்குப் பயமில்லாம இறங்குது. ஆனா எனக்கும் நாக்கு இருக்குல்லா? அத மத்தியானத்துக்கு வச்சுக்கிட்டேன்."

"ரேடியோ சொல்லுமுன்னு தெரியாதா ஒனக்கு?"

"தெரியும். மொதத் தடவ வந்தப்பவே சொல்லிட்டாக. தெரிஞ்சுதான் பெறகும் வச்சேன். இப்பவாவது வந்து கேப்பீகன்னு பாத்தேன். சட்டிய மோந்தீக, குப்பையக் கெளறுனீக, மீன்காரர மறிச்சீக. எங்கிட்ட மட்டும் கேக்கல."

முத்தரசி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கூட்டத்தில் யாரோ, சரிப்பா, வா போவோம் என்றார்கள். மாடக்கண்ணுவும் திரும்பத்தான் போனான். அவன் கண் தரையில் நின்றுவிட்டது.

"எதுக்கு ரெண்டு டம்ளர்?"

அவள் டம்ளர்களைப் பார்த்தாள். "ஒண்ணு தண்ணி," என்றாள். "ஒண்ணு மோர்."

தட்டிலிருந்ததைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள், மோரைக் குடித்தாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள், கொடியில் கிடந்த சேலைகளை ஒரு பைக்குள் திணித்தாள். எல்லோரும் விலகி வழிவிட, பஸ்ஸில் ஏறி முத்தரசிக்குப் பக்கத்தில் இருந்த முன்சீட்டில் உட்கார்ந்து, "மேலத்துறைப்பட்டி ஒண்ணு," என்று பொன்ராசுவிடம் காசை நீட்டினாள். அது கடைசி ஊர். அவள் அக்காளைக் கட்டிக்கொடுத்த ஊர். பொன்ராசு மாடக்கண்ணுவைப் பார்த்தார், மாடக்கண்ணு சாவியைப் பார்த்தான், டிக்கெட் கிழிந்தது.

இப்படியாகத் தன் பெண்டாட்டி தன்னை விட்டுப் போகிற வண்டியைத் தானே ஓட்ட வேண்டியதாயிற்று அவனுக்கு. ரேடியோ யார் யார் வீட்டுக் குழம்பையோ சொல்லிக்கொண்டு வந்தது, ஒருவர் காதிலும் விழவில்லை. வெள்ளையம்பட்டி வந்தது, வெள்ளையம்பட்டிக்காரர்கள் இறங்கவில்லை. செம்பொடை வந்தது, இறங்குங்க இறங்குங்க என்று பொன்ராசு சொல்லிப் பார்த்தார், யாரும் அசையவில்லை. வண்டி சைக்கிள்காரன் முந்துகிற வேகத்தில் போனது.

முத்தரசி முன்னால் சாய்ந்து அவன் தோளுக்குப் பின்னால் சொன்னாள். "நம்புதேன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுப்பா. இறங்க மாட்டா. நான் அவ மூஞ்சியத்தான் பாத்துட்டு வாரேன்."

அவனும் கண்ணாடியில் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான். அவள் கோபமாக இல்லை, காத்துக்கொண்டிருந்தாள். நம்புகிறேன், நம்புகிறேன் என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தான், ஒத்திகை நன்றாகத்தான் இருந்தது. இவ்வளவு தூரம் வந்தவள் சும்மாவா வந்திருப்பாள், ஒரு வார்த்தைக்குத்தானே வந்திருக்கிறாள், சொல்லிவிட்டால் வண்டியைத் திருப்பி வீட்டுக்கே ஓட்டிப்போய்விடலாம், ராத்திரி மீந்த புட்டைக் கேட்டு வாங்கித் தின்னலாம் என்று நினைத்தான். மீந்திருக்குமா? சட்டி காலியாக இருந்ததே? அந்த இடத்தில் அவன் நினைப்பு தட்டி நின்றது.

மேலத்துறைப்பட்டி வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. சண்முகக்கனி எழுந்து, பையைத் தோளில் போட்டு, படிக்கட்டில் ஒரு காலை வைத்து அவன் பக்கம் திரும்பினாள். அவன் கண் கலங்கியிருந்தது, நம்புதேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"அரைக் கிலோ சுறாவ ஒருத்தியே எப்பிடித் தின்ன முடியும்?"

"பசிச்சாத் தின்னலாம்," என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள்.

முத்தரசி நெற்றியில் அடித்துக்கொண்டாள். சண்முகக்கனி திரும்பிப் பார்க்காமல் தெருவில் நடந்து, அக்காள் வீட்டு முக்கில் மறைந்தாள். அவன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான், மூக்கைச் சிந்தினான். பிறகு எஞ்சினை அணைக்காமல் ஸ்டியரிங்கில் கையை ஊன்றிக்கொண்டு, இப்படிப் பதில் சொல்ல அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தான்.